குன்னூரில் பழைய பங்களாவில் தங்குவது எப்படி? நங்கநல்லூர்க்காரி சொல்வது

முதல் தடவை போனபோது ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இணையத்தில் போட்டிருந்த படத்தில் எல்லாமே இருந்தது. சிவப்பு ஓட்டுக்கூரை, கண்ணாடி அடைத்த முன் தாழ்வாரம், அறைக்குள் கணப்பு, வாசல் படி வரைக்கும் பூச்செடி. குன்னூரில் போய் இறங்கினால் அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகக் கூட்டிப் போனார்கள். அங்கே புதிதாகக் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். பளபளவென்று டைல்ஸ். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். “படத்துல இருந்த வீடு?” என்று கேட்டேன். “அது ஹெரிடேஜ் ரூம் மேடம், நீங்க போட்டது டீலக்ஸ்” என்றார் வரவேற்பில் இருந்த தம்பி. டீலக்ஸ் என்ற சொல்லின் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று.

அதற்கப்புறம் நாலு தடவை போய்விட்டோம், நானும் எங்கள் வீட்டுக்காரரும். ஒவ்வொரு தடவையும் மூன்று ராத்திரி. பத்துப் பன்னிரண்டு அறைக்கு மேல் இல்லாத பழைய பங்களாவாகப் பார்த்துத்தான் போவோம். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக் கை வலிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முன்பதிவை இணையத்தில் செய்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை போன் போட்டுப் பேசுங்கள். “பழைய வீட்டுக்குள்ளேயே இருக்கிற அறையா, பின்னால கட்டினதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். பழைய வீடு என்றால் எந்த அறை, எந்தப் பக்கம் ஜன்னல் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகளில் ஒரு அறை மாதிரி இன்னொரு அறை இருக்காது. ஒன்று கூடம் மாதிரி விரிந்து கிடக்கும், இன்னொன்று யாரோ துரையின் துணி அலமாரியாக இருந்திருக்கும். அப்புறம் வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வரும் என்று கேளுங்கள். குன்னூர் சுமார் 1,800 மீட்டர் உயரம், இதை அசட்டையாக விடாதீர்கள். முட்டி வலிக்காரர் கூட வந்தால், அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எத்தனை படி என்பதும் முக்கியம். மலைச்சரிவில் கட்டின வீடு, கீழ்த்தளம் என்பார்கள், ஆனாலும் பதினைந்து படி இருக்கும். வாடகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று கேட்க மறக்காதீர்கள். ஒரு ராத்திரி 7,500 ரூபாயைத் தாண்டினால் வரி 18 சதவீதம்.

எப்போது போவது? மே மாதம் வேண்டாம். பூக்காட்சி, பழக்காட்சி என்று ஊரே மேலே ஏறியிருக்கும், வாடகையும் கூடவே ஏறியிருக்கும். அக்டோபர், நவம்பரும் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர்ப் பக்கம்தான் கொட்டும். குன்னூர் கிழக்குச் சரிவில் இருப்பதால் நமக்குச் சென்னையில் மழை பிடிக்கும் அதே வடகிழக்குப் பருவத்தில்தான் அங்கேயும் பிடிக்கும். மண் சரிந்து பாதை அடைபட்டு, மலை ரயிலையும் நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது ஆகஸ்ட். மூட்டமும் தூறலுமாக இருக்கும், கூட்டம் இருக்காது, பூ இருக்கும். குளிர்தான் வேண்டும் என்பவர்கள் ஜனவரியில் போகலாம்.

போகிற வழி சுலபம். சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில், நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகும். குன்னூர் வரைக்கும் பாதை போட்டு ரயில் விட்டது 1899-இல். ஊட்டிக்கு நீண்டது 1908-இல். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின், அதனால் நாம் இறங்குகிற வரைக்கும்தான் புகையும் வேடிக்கையும். டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்பதிவு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் பர்லியார் வழியாக அரசுப் பேருந்து இருக்கிறது. சொந்தக் காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அப்படித்தான். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போனால் அந்த வேலை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். இந்த பங்களாக்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு வீடு கட்டினார், அது இன்றும் நிற்கிறது. அவருக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத் துரைகள், பட்டாளத்து அதிகாரிகள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பிற்பாடு நம் ஊர்ச் சர்க்காரே வெயில் காலத்தில் கோப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறியது. கோட்டையில் உட்கார்ந்து வியர்த்தவர்கள் கட்டின வீடுகள் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பெரிய ஜன்னல்களுக்கு அர்த்தம் புரியும். வெயில் உள்ளே வரவேண்டும் என்று ஏங்கிக் கட்டியிருக்கிறார்கள். நாம் வாழ்நாள் முழுக்க வெயிலை வெளியே தள்ளித் திரை போடுகிறவர்கள்.

பலகைத் தரை சத்தம் போடும். ராத்திரி ஒரு மணிக்கு மேலே யாரோ பாத்ரூம் போனால் கீழே நமக்குத் தெரியும். அதைக் குறையாகச் சொல்லி வரவேற்புக்குப் போன் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், அவர்கள் என்ன செய்ய முடியும்? தூக்கம் லேசானவர்கள் மாடி அறை கேளுங்கள். வீட்டுக்குள் போடத் தடிமனான காலுறை எடுத்துப் போங்கள். நாங்கள் முதல் தடவை மயிலாப்பூர் தேருக்குப் போகிற மாதிரி பருத்திப் புடவையும் வேட்டியுமாகப் போய் நடுங்கினோம்.

கணப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா அறையிலும் அடுப்பு வாய் இருக்கும், ஆனால் எல்லாம் எரியாது. சிலவற்றில் புகைபோக்கியை அடைத்துவிட்டு உள்ளே பூச்சாடி வைத்திருப்பார்கள். எரிகிற அறை என்றால் கட்டுக்கு இவ்வளவு என்று விறகுக்குத் தனிக் காசு வாங்குவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே சொல்லிவிடுங்கள். ஒன்பது மணிக்குச் சொன்னால் அவசரத்தில் ஈர விறகை வைத்துவிடுவார்கள், அறை முழுக்கப் புகைதான். சீகை மரமும் கற்பூர மரமும் வரும். நாம் தைல மரம் என்பதைத்தான் அங்கே கற்பூர மரம் என்கிறார்கள், எரியும்போது விக்ஸ் டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை. நீங்களே பற்றவைக்கப் போகாதீர்கள், கூப்பிட்டால் ஆள் வந்து செய்து தருவார். படுக்கும்போது ஒரு ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். கரி அடுப்பு கேட்டு அறைக்குள் வைத்துக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய அறையில் தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

சாப்பாடு பெரும்பாலும் மதியமே சொல்லி வைக்க வேண்டும், ராத்திரி எட்டரைக்கு மேல் சமையலறை மூடிவிடும். சைவம் தனியாகச் சொல்லுங்கள். காலை ஆறரைக்கு அறைக்கே டீ வரும், கூட வர்க்கி கேளுங்கள். அதை டீயில் எவ்வளவு நேரம் நனைப்பது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தீராத தகராறு.

இப்போது தோட்டம். பத்து மணிக்கு டாக்ஸி பிடித்து டால்பின் நோஸ், லேம்ப்ஸ் ராக், அப்புறம் ஊட்டி என்று சுற்றிவிட்டு இருட்டினபின் திரும்புவதானால், பழைய பங்களாவுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. பேருந்து நிலையம் பக்கத்தில் லாட்ஜே போதும். நாங்கள் ஒரே ஒரு அரைநாள் சிம்ஸ் பூங்காவுக்குப் போவோம், 1874-இல் போட்ட தோட்டம், உருத்திராட்ச மரம் பார்க்கலாம். மீதி நேரமெல்லாம் பங்களாவிலேயே. நாற்காலியைத் தூக்கிப் புல்தரையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

தோட்டக்காரரிடம் பேசுங்கள். காலை ஏழிலிருந்து எட்டு வரை அவர் அவசரமில்லாமல் இருப்பார். நாங்கள் போகிற இடத்தில் இருக்கிற அண்ணனுடைய அப்பா, அம்மா இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள். தேயிலை பார்த்துப் பழகின கை. ஒரு நாள் ஹைட்ரேஞ்சியா செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலியோரம் இருந்ததெல்லாம் மசி கொட்டின மாதிரி நீலம். வீட்டுச் சுவரை ஒட்டி இருந்த மூன்று செடி மட்டும் வெளிறின ரோஸ். இரண்டும் வேறு வேறு ஜாதியா என்று கேட்டேன். அவர் குனிந்து, சுவரின் அடியில் உதிர்ந்து கிடந்த காரையை விரலால் நசுக்கிக் காட்டினார். “ஒரே செடிதாம்மா. இங்க மண்ணு புளிப்பு, அதுல நீலமா பூக்கும். இது பழைய சுண்ணாம்புச் சுவரு, மழையில கரைஞ்சு இறங்குது, அதான் ரோஸ்.” சுவரைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் மாவு மாதிரி ஒட்டியது. மண்ணில் புளிப்பு இருந்தால்தான் அலுமினியம் கரைந்து வேருக்குப் போகும், நீலம் வரும். படித்திருக்கிறேன். ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடி இரண்டு நிறத்தையும் பார்த்தது அன்றுதான்.

இருட்டினபின் தோட்டத்தில் இறங்காதீர்கள். இதை அங்கே ஒவ்வொருவரும் சொல்வார்கள், பயமுறுத்தச் சொல்வதில்லை. காட்டுமாடு புல் மேய வரும். ஒரு தடவை விடியற்காலை திரையை விலக்கினால், பத்தடி தள்ளி, அம்பாசடர் கார் அளவுக்கு ஒன்று டாலியாப் பாத்தியில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் போட்டோ எடுக்கக் கதவைத் திறக்கப் போனார், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். சாதுவாகத் தெரியும், பாய்ந்தால் தப்பிக்க முடியாது. கரடியும் சிறுத்தையும்கூட வருகிற ஊர். தின்பண்டத்தைத் தாழ்வாரத்தில் விட்டு வைக்காதீர்கள். பகலில் அதற்குக் குரங்கு வரும்.

கிளம்பும்போது தோட்டக்காரரிடம் கேட்டால் குச்சி ஒடித்துத் தருவார். அவருக்கு ஏதாவது கொடுப்பதானால் நேரில் கையில் கொடுங்கள், பில்லோடு வைத்தால் அவரிடம் போய்ச் சேருமா என்பது சந்தேகம். குச்சியின் அடியை ஈர நியூஸ்பேப்பரில் சுற்றித் துணிப்பையில் போட்டு, ரயிலில் ஜன்னலோரம் மாட்டினால் சென்ட்ரல் வரைக்கும் வாடாது. அதற்கப்புறம்தான் பிரச்சினை. எங்கள் மாடியில் ஹைட்ரேஞ்சியா ஏப்ரலைத் தாண்டவில்லை, ஃபியூஷியா ஒரு வாரம்கூட இல்லை. பிழைத்தது ரோஸ்மேரி ஒன்றுதான், அதுவும் பாதிக்குப் பாதி மணல் கலந்து, மண் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டுவதால். நாங்கள் ஊரில் இல்லாதபோது மாடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் அந்தத் தொட்டியைத் தொடவே கூடாது என்று தனியாகச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டியிருக்கிறது.