டி கொரோனே பொரியாலிஸ்: வெடிக்கக் காத்திருக்கும் நோவாவைத் தொலைநோக்கியில் பின்தொடர்வது எப்படி?

நோவா (திடீரென வெடித்துப் பல மடங்கு பிரகாசிக்கும் நட்சத்திரம்) வெடித்த செய்தி வந்த பிறகு தொலைநோக்கியைத் தூசி தட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால், வடமகுட விண்மீன்குழுவில் இருக்கும் டி கொரோனே பொரியாலிஸ் (சுருக்கமாக டி) உங்களை ஏமாற்றிவிடும். வெடித்தால் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். ஒரு வாரத்துக்குள் வெறும் கண்ணுக்கு எட்டாமல் மங்கியும் விடும். தொலைநோக்கிக்கு வேலை அதற்கு முன்னும் பின்னும்தான். அதனால் இப்போதே அந்த இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

உள்ளே நடப்பது என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு வெண்குறுமீனும் (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம்) ஒரு செம்பெருமீனும் (வீங்கிய சிவப்பு நட்சத்திரம்) சுமார் 228 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. பெரியதிலிருந்து ஹைட்ரஜன் வாயு சிறியதன்மேல் விழுந்து சேர்ந்துகொண்டே போகிறது. அந்தப் படலம் ஓர் அளவைத் தாண்டியதும் மொத்தமாக அணுக்கரு இணைவில் பற்றிக்கொள்கிறது. நட்சத்திரம் அழிவதில்லை, மறுபடி சேர்க்க ஆரம்பிக்கிறது. 1866இலும் 1946இலும் இப்படி வெடித்தது. 2023இல் அது லேசாக மங்கியதைப் பார்த்து 2024இல் வெடித்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அந்த ஆண்டு சும்மா கடந்துபோனது.

முதல் படி: மகுடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வசதியான காலம். மே மாதக் கடைசியில் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும். ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரைக்கே வந்துவிடும். சென்னையிலிருந்து பார்த்தால் தலைக்கு நேர் மேலே இருந்து 13 பாகை வடக்கே.

சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறச் சுவாதி கிடைக்கும். சுவாதியிலிருந்து வடகிழக்கில் வெள்ளையாக மின்னும் அபிஜித்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதில் சுவாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஏழு நட்சத்திரங்கள் அரைவட்டமாக இருக்கும். அதுதான் வடமகுடம். நகரத்தில் அதன் பிரகாசமான நட்சத்திரமான அல்பெக்கா மட்டும்தான் தெரியும், மற்றவற்றுக்குப் பைனாகுலர் வேண்டும்.

இரண்டாம் படி: எப்சிலானிலிருந்து டிக்கு

இதில்தான் புதியவர்கள் திணறுவார்கள், பொறுமையாகச் செய்யுங்கள். அரைவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் எப்சிலான் என்ற நட்சத்திரம் இருக்கிறது, பொலிவெண் 4.1. (பொலிவெண் என்பது பிரகாசத்தைச் சொல்லும் எண்; எண் கூடக்கூட ஒளி குறைவு என்பதை நினைவில் வையுங்கள்.) அதை ஃபைண்டரில் (தொலைநோக்கியோடு இணைந்த, குறிபார்க்கும் சிறு குழாய்) பிடித்து நடுவில் கொண்டுவாருங்கள். நம்முடைய டி, அதற்குத் தெற்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து, ஏறக்குறைய ஒரு பாகை தள்ளி இருக்கிறது.

1200 மி.மீ. குவியத்தூரமுள்ள 6 அங்குல டாப்சோனியனில் (கையால் திருப்பும் எளிய தாங்கியில் வைத்த ஆடித் தொலைநோக்கி) சாதாரண 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 48 மடங்கு பெரிதாகும், பார்வைப் புலம் ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூடுதல். அதாவது எப்சிலானை வடக்கு ஓரத்துக்குத் தள்ளினால் டி எதிர் ஓரத்தில் எட்டிப்பார்க்கும். திசை குழம்பினால் குழாயைத் தொடாமல் விட்டுப்பாருங்கள். நட்சத்திரங்கள் எந்தப் பக்கம் நகர்ந்து வெளியேறுகின்றனவோ அது மேற்கு.

டாப்சோனியனை உச்சிக்கு அருகே திருப்புவது பெரிய அவஸ்தை. உச்சிக்கு வருவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்போ பின்போ பார்ப்பது கழுத்துக்கும் நல்லது.

மூன்றாம் படி: வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்

1911இல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ என்ற மாறொளிர் விண்மீன் ஆர்வலர் அமைப்பின் தளத்தில், நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால் வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். நியூட்டோனியனில் (டாப்சோனியனும் இந்த வகைதான்) காட்சி தலைகீழ்; ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் மூலைக் கண்ணாடி வைத்த ரிஃப்ராக்டரில் (லென்ஸ் தொலைநோக்கி) இடமும் வலமும் மாறியிருக்கும். உங்கள் கருவிக்கு ஏற்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். அதில் 98, 106 என்றெல்லாம் எண்கள் இருக்கும். அவை 9.8, 10.6 என்ற பொலிவெண்கள்; புள்ளியைப் போட்டால் அதையே ஒரு நட்சத்திரமாக நினைத்துவிடுவோம் என்பதால் போடுவதில்லை.

அமைதியாக இருக்கும்போது டி சுமார் பத்தாம் பொலிவெண். அதைவிடச் சற்று பிரகாசமான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் எடுத்துக்கொண்டு, டி எந்தப் பக்கம் நெருக்கம் என்று பாருங்கள். 98க்கும் 106க்கும் சரியாக நடுவில் என்று தோன்றினால் 10.2. செந்நிற நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் அது கண்ணுக்குக் கூடுதல் பிரகாசமாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் சட்டென்று ஒரு பார்வை, அடுத்ததற்கு நகருங்கள். கணிப்பை எழுதும்வரை மற்றவர்கள் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று எட்டிப்பார்க்க வேண்டாம். நம்மை அறியாமலே அந்த எண்ணைத்தான் எழுதுவோம்.

தேதியையும் உலக நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். இந்திய, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் போதும்.

வெடித்துவிட்டால்?

தினமும் கருவியை எடுக்க முடியாத நாட்களில் வெறும் கண்ணால் மகுடத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். 1866 மே 12 அன்று அயர்லாந்தின் ஜான் பர்மிங்ஹாம் வெறும் கண்ணால்தான் கண்டுபிடித்தார். 1920 முதல் இதையே கண்காணித்துவந்த அமெரிக்கர் லெஸ்லி பெல்டியரோ, 1946 பிப்ரவரியில் அதிகாலை இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து, ஜலதோஷம் பிடிக்கும்போல இருக்கிறதே என்று திரும்பப் படுத்துவிட்டார். அன்று பார்த்துத்தான் அது வெடித்தது! கால் நூற்றாண்டுக் காத்திருப்பு போயே போய்விட்டது.

உச்சத்தில் பொலிவெண் சுமார் 2, அதாவது வழக்கத்தைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு ஒளி. அப்போது தொலைநோக்கியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது வெறும் புள்ளிதான். வெடிப்பின் வட்டமோ புகையோ தெரியாது. ஒப்பிட வேண்டிய நட்சத்திரங்களும் ஒரே புலத்தில் அடங்காது. ஆகவே வெறும் கண்ணால் அல்பெக்காவோடு (2.2) ஒப்பிடுங்கள், மங்க மங்க அதே மகுடத்தின் காமா (3.8), எப்சிலான் (4.1), டெல்டா (4.6) என்று இறங்குங்கள். அப்புறம் பைனாகுலர், அப்புறம் மறுபடி தொலைநோக்கி.

பத்தாம் எண்ணுக்குத் திரும்பியதும் நோட்டை மூடிவிடாதீர்கள். முந்தைய இரு வெடிப்புகளிலும் சில மாதங்கள் கழித்து இது எட்டாம் எண் அளவுக்கு இன்னொரு முறை ஏறியது. அதற்குக் காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் எண் வெறும் கண்ணுக்கு எட்டாது, சின்னத் தொலைநோக்கிக்குத் தாராளமாக எட்டும்.