வாய்க்காலில் தண்ணீர் வருமுன்: லெவல் எடுக்கும் உள்ஒப்பந்தப் பொறியாளரின் கூலியும் செலவுக் கணக்கும்

தூர்வாரும் வேலைக்கு முன்னும் பின்னும் லெவல் எடுத்துக் கொடுக்கும் வேலை, அதாவது வாய்க்காலின் அடிமட்ட உயரத்தை அளந்து குறிக்கும் வேலை, காவிரி டெல்டாவில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரேயடியாகக் குவிகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுவதால், பெரிய ஒப்பந்ததாரர்கள் தொலைபேசியிலேயே ஆளைப் பிடித்து, தொகையையும் பேசி முடித்துவிடுகிறார்கள். புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் அந்த அழைப்பு வருமுன்பே கீழ்க்கண்ட கணக்கைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முதற்படி, நாள் கூலியை முடிவு செய்தல். குடும்பச் செலவு ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்றும், கருவிப் பராமரிப்பு, தேய்மானம், காப்பீடு ஆகியவை 1,20,000 ரூபாய் என்றும் கொள்வோம். மொத்தம் 4,80,000. இதை 300 நாளால் வகுத்தால் 1,600 ரூபாய்தான் வரும். பலரும் அப்படித்தான் வகுக்கிறார்கள். ஆனால் ஆறுகளில் தண்ணீர் ஓடும் மாதங்களையும் வடகிழக்குப் பருவமழையையும் வரைபடம் போட வீட்டில் உட்காரும் நாட்களையும் கழித்தால், கூலி கேட்கக்கூடிய நாட்கள் 160 அளவில் நிற்கலாம். அப்போது நாள் கூலி 3,000 ரூபாய். இதற்குக் குறைத்துப் பேசுவது, என் கருத்தில், ஐப்பசி மாதத்துச் சோற்றை வைகாசியிலேயே விட்டுக்கொடுப்பதாகும்.

அடுத்து, செலவுகளைக் கூலியோடு கலக்காமல் தனியே எழுதவேண்டும். வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு, ஸ்டாஃப் (அளவுக்கோல்) பிடிப்பவரின் கூலி, டோட்டல் ஸ்டேஷன் என்னும் மின்னணு அளவைக் கருவியின் வாடகை, வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதியில் தங்க நேர்ந்தால் அறை வாடகை ஆகியவை இதில் அடங்கும். பொக்லைன் வரவில்லை, கரையில் பாதை இல்லை என்று உங்கள் குற்றமில்லாமல் வீணாகும் நாளுக்குப் பாதிக் கூலி என்பதையும் மறவாமல் சேருங்கள்.

இவற்றை வேலை உத்தரவாகவோ, குறைந்தபட்சம் வாட்ஸ்அப் செய்தியாகவோ எழுதி, ஒப்புதல் பெறுங்கள். "பில் பாஸ் ஆனதும் தருகிறேன்" என்ற வாக்கியத்தை மட்டும் ஏற்காதீர்கள். அரசிடமிருந்து அவருக்குப் பணம் வருவது அவருடைய கவலை. வரிப் பிடித்தத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: தனிநபரின் ஒப்பந்த வேலை என்றால் 1 சதவீதம், தொழில்முறைச் சேவை என்றால் 10 சதவீதம்.

டெல்டாவில் எல்லாவற்றிலும் முக்கியமானது அளவுக் கையெழுத்து. தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்காலின் அடிமட்டம் மறைந்துவிடும். நீங்கள் எடுத்த லெவலை யாரும் மீண்டும் சரிபார்க்க முடியாது. அதுவே பணத்தைப் பிடித்து வைக்கச் சாக்காகும். ஆகவே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் லெவல் புத்தகத்தில் ஒப்பந்ததாரரின் ஆளிடம் தேதியுடன் கையெழுத்து வாங்கி, தற்காலிக மட்டக்குறியையும் (உயரங்களை ஒப்பிட்டு அளக்க அருகில் இட்ட நிலையான அடையாளத்தையும்) தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள்.

கடைசியாக, வேலையை ஏற்குமுன், குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். பில்லின் அடியில் கெடு தேதியையும் இந்த வட்டியையும் ஒரு வரியில் அச்சிட்டு அனுப்புங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், இத்தகைய நிலுவைகளை விசாரிக்க அதே சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் இணையவழியே மனுக் கொடுக்கலாம்.