கொம்பிக்கு மாற்று எஞ்சின் பார்க்கிறீர்களா?

பழைய ஃபோக்ஸ்வாகன் கொம்பி வேனைத் திருத்துபவர்கள் பெயின்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு எஞ்சினில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். மாற்று எஞ்சினைக் கடைக்காரர் ஸ்டார்ட் செய்து காட்டுவதற்கு முன்பே, பெல்ட் ஓடும் பெரிய புல்லியைப் பிடித்து உள்ளே தள்ளி, வெளியே இழுத்துப் பாருங்கள். அந்த அசைவு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ‘டக் டக்’ என்று கையில் தட்டினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

மலைநாட்டுப் பக்கம் ஓடுவதென்றால் எஞ்சின் அளவையும் பாருங்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். மெல்லிய காற்றில் எஞ்சின் பலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அங்கே போகும் வழியில் உள்ள றம்பொடை ஏற்றத்தில் 1200 சிசி பாவம், 1600 எடுங்கள். அப்புறம், எஞ்சினைச் சுற்றிய தகரங்களையும் ரப்பர் பட்டியையும் கழற்றி எறியாதீர்கள். அவை இல்லாவிட்டால் சூடான காற்றையே எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி மறுபடி இழுக்கும். புது எஞ்சின் இலக்கத்தை வாகனப் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.