‘ஃபவுண்டேஷன்’ வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ அறிவியல் புனைகதை வரிசையில் பலர் சறுக்குவது, எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது என்பதிலேயே. நானும் சறுக்கினேன். கதைக்காலப்படி முந்தையது ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’ என்று கேள்விப்பட்டு அதை எடுத்தேன். அது வந்தது 1988இல். மூல மூன்று நூல்கள் 1951, 1952, 1953இல் வந்தவை. கதைக்கு மையமான கணித மேதை ஹாரி செல்டன் பின்னால் என்ன ஆகிறார் என்று தெரிந்தவருக்குத்தான் அவர் இளவயதில் திண்டாடுவதைப் பார்ப்பதில் சுவாரசியம். எனக்கு அவர் யாரோ ஒரு கணக்கு வாத்தியார். நூறு பக்கத்தில் மூடிவிட்டேன்.

வெளிவந்த வரிசையில் படியுங்கள்: ‘ஃபவுண்டேஷன்’, ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’, ‘செகண்ட் ஃபவுண்டேஷன்’. மூன்றோடு நிறுத்தினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. 1982 முதல் வந்தவை குண்டுப் புத்தகங்கள், ருசியும் வேறு.

முதல் புத்தகத்தை நாவல் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதன் பெரும்பகுதி 1940களில் ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையில் தனித்தனியாக வந்த கதைகள். முதல் பகுதி மட்டும் புத்தகத்துக்காக எழுதிச் சேர்த்தது. ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடிவிடும். நேற்றுப் பழகிய ஆள் இன்று மேற்கோளாக மட்டும் மிஞ்சியிருப்பார். ஒரே மூச்சில் படிக்காமல் நாளுக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாயிரம் வருஷப் பேரரசு சரிகிறது என்றதும் விண்வெளிப் போரை எதிர்பார்ப்பது அடுத்த தவறு. இங்கே பெரும்பாலும் நாலு பேர் அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கவனியுங்கள். முதல் புத்தகத்தில், கலைக்களஞ்சியம் தொகுக்கவென்று ஆட்கள் குடியேறிய டெர்மினஸ் கோளை அண்டை அரசான அனாக்ரியான் மிரட்டுகிறது. பேரரசின் தூதர் லார்ட் டோர்வின் வருகிறார், மூக்குப்பொடி போடுகிறார், ஐந்து நாள் இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போகிறார். கலைக்களஞ்சியம் தொகுக்கும் பெரியவர்களுக்கு ஏக நிம்மதி. மேயர் சால்வர் ஹார்டினோ அந்தப் பேச்சு முழுவதையும் பதிவு செய்து, தர்க்கக் குறியீடுகளாக மாற்றி அலசக் கொடுக்கிறார். வெற்று வார்த்தைகளையும் மழுப்பலையும் கழித்தால் மிச்சம் பூஜ்யம். ஒரு குண்டும் வெடிக்காமலே, பேரரசு கைகழுவிவிட்டது புரிந்துவிடுகிறது. எனக்கு இந்த வரிசையிலேயே பிடித்த இடம் இதுதான்.

மக்கள் கூட்டத்தின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செல்டனின் ‘சைக்கோஹிஸ்டரி’யை ஜோசியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அசிமோவ் வேதியியல் படித்தவர். ஒரு வாயு மூலக்கூறு எங்கே ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பலூனுக்குள் மொத்த அழுத்தத்தைக் கணக்கிடலாம். அதேபோல இந்தக் கணக்கும் கோடானுகோடி மக்களுக்குத்தான் செல்லும், தனி ஆளுக்கு அல்ல. தவிர, அந்த மக்களுக்குக் கணிப்பு தெரிந்திருக்கவும் கூடாது. இந்த நிபந்தனைகளை நினைவில் வையுங்கள், இரண்டாம் புத்தகத்தின் பின்பாதி உங்களை உலுக்கும். அதுவரை பின்னட்டையைக்கூடத் திருப்பாதீர்கள். இணையத்தில் தேடவே தேடாதீர்கள்.

2021இல் தொடங்கிய ஆப்பிள் தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பெண்ணாக வரும் சால்வர் ஹார்டின் புத்தகத்தில் சுருட்டுப் பிடிக்கும் ஆண். முதல் புத்தகத்தில் பெண்களே அபூர்வம். 1940களின் பத்திரிகைக் கதைகள் பலவும் அப்படித்தான் இருந்தன என்றாலும் உறுத்தத்தான் செய்கிறது. இரண்டாம் புத்தகத்தில் பெய்டா என்ற பெண் வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.