இரண்டு நாய், ஒரு பொம்மை: நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். மூத்தவள் கருப்பி, தெருவிலிருந்து வந்த நாட்டு நாய், ஒன்பது வயது. இளையவன் வீரன், சிப்பிப்பாறை இன வேட்டை நாய். அவன் வந்த முதல் மாதமே ஒரு கயிற்றுப் பொம்மைக்காக இரண்டும் கடித்துக்கொண்டு கருப்பியின் காது கிழிந்தது. அன்றைக்கு நாங்கள் செய்ததெல்லாம் தப்பு.

முதல் தப்பு, உறுமினால் அடிப்பது. உறுமல் என்பது "கிட்ட வராதே" என்று நாய் சொல்லும் சொல். அதற்கு அடி விழுந்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், ஆனால் பொம்மை பறிபோகும் என்ற பயம் அப்படியே இருக்கும், அடுத்த தடவை சத்தமே இல்லாமல் நேரே கடிக்கும். உறுமலுக்கு முன்னாலேயே அடையாளம் தெரியும்: பொம்மை மேல் தலையைக் கவிழ்த்து, உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். அந்த நொடியில் மற்ற நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள்.

"விடு, அதுகளே சரியாயிக்கிரும்" என்று அப்பத்தா சொன்னார்கள். சரியாகவில்லை. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டையைச் சுலபமாக்குகிறது.

அப்புறம், பொம்மைகளை நாள் முழுக்கத் தரையில் கிடக்க விடுவது. கூட நாலு வாங்கிப் போட்டால் தீரும் என்று நினைத்தோம், வீரனுக்கு எப்போதும் கருப்பி வாயில் இருப்பதுதான் வேண்டும். இப்போது எல்லாம் கூடையில், பரணில். மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்தால் தனித்தனி அறை, கதவைச் சாத்தித்தான். எங்கள் ஊர் பழைய வீடுகளில் முகப்பிலிருந்து கொல்லை வரை வாசல் நிலைகள் ஒரே நேராக இருக்கும், அதனால் ஒன்றை முகப்பிலும் ஒன்றை உள்ளே இரண்டாங்கட்டிலும் விட்டாலும் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு எலும்பைப் போடவே போடாதீர்கள். அதற்குத்தான் பெரிய சண்டை வரும், அதுமட்டுமில்லை, வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும், குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், பந்து எறிவதும் வேண்டாம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழவழப்பில் இரண்டும் வழுக்கிக்கொண்டு போய் மோதும், வயதான நாய்க்கு வலித்தால் அது கடிக்கத்தான் செய்யும். மண் தரையில், ஒரு நேரத்தில் ஒரு நாயோடு விளையாடுங்கள்.

வாயிலிருந்து பிடுங்குவது பெரிய தப்பு. பிடுங்கப் பிடுங்க நாய் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழித் துண்டை மூக்கருகே காட்டி, "விடு" என்று சொல்லுங்கள். பொம்மையைக் கீழே போட்டதும் கோழியைக் கொடுத்துவிட்டு, பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். இந்தத் திருப்பிக் கொடுப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தாலும் போய்விடாது என்று நாய்க்குத் தெரிந்தால்தான் அது தானாக விடும். இதை அவ்வளவாகப் பிடிக்காத பொம்மையில் ஆரம்பித்து, மற்ற நாயை வேறு அறையில் விட்டுவிட்டுப் பழக்குங்கள்.

சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றலாம், சட்டி மூடியைப் பெரிய சத்தம் வரத் தரையில் தட்டலாம், பலகை ஒன்றை இடையில் நுழைக்கலாம். மீறிக் கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்று தள்ளிப்போடக் கூடாது.

இதுவரை பொம்மையைக் கண்டுகொள்ளாத மூத்த நாய் திடீரென்று காக்க ஆரம்பித்தால் கால்நடை மருத்துவரிடம் பல்லையும் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். நாம் போடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம். கருப்பிக்கு இடுப்பில் வலி இருந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. மருத்துவர் கொடுத்த மருந்து ஆரம்பித்த பிறகுதான் வீரன் பக்கத்தில் வந்து படுத்தாலும் பேசாமல் இருக்கிறாள்.