கண் நன்றாக இருக்கிறது, ஆனால் பார்வை இல்லை: பரம்பரைக் கண் நோய்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து வயதுக் குழந்தைக்குப் பள்ளியில் பலகை தெரியவில்லை. கண்ணாடி போட்டும் தெளியவில்லை. டாக்டர் விழித்திரையைப் பார்க்கிறார், எல்லாம் சரியாகவே இருக்கிறது. உடனே, "படிக்கப் பிடிக்காமல் நடிக்கிறது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பரம்பரைக் கண் நோய்களைக் கண்டறிவதில் நடக்கும் தவறுகளில் என்னை மிகவும் வேதனைப்படுத்துவது இதுதான்.

நடுப்பார்வையைப் பறிக்கும் பரம்பரை நோயான ஸ்டார்கார்டின் தொடக்கத்தில் விழித்திரை இயல்பாகவே தோன்றலாம். லீபர் பிறவிப் பார்வையிழப்பு உள்ள கைக்குழந்தைக்கும் அப்படித்தான். விழித்திரை எப்படித் தோன்றுகிறது என்பது வேறு, எப்படி வேலை செய்கிறது என்பது வேறு. வேலையை அளக்க ஈஆர்ஜி வேண்டும்: வெளிச்சம் பட்டதும் விழித்திரை எழுப்பும் மின் சமிக்ஞையைப் பதிவு செய்யும் சோதனை அது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்களைச் சோதிப்பதற்கு முன் சுமார் 20 நிமிடம் இருட்டில் உட்கார வைக்க வேண்டும். அவசரத்தில் அதைக் குறைத்தால் முடிவை நம்ப முடியாது.

ஈஆர்ஜி இயல்பு என்று வந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. அது முழு விழித்திரையும் சேர்ந்து தரும் பதில். ஸ்டார்கார்டில் முதலில் கெடுவது நடுப்பகுதி மட்டும் என்பதால் அந்தக் குறை மொத்தத்தில் மறைந்துபோகும். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும், அது தானாக ஒளிர்வதைப் பதியும் ஆட்டோஃபுளோரசன்ஸ் படமும் எடுத்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கண் அனுப்பும் காட்சியைப் பார்க்க மூளை சரியாகப் பழகாத 'சோம்பல் கண்' என்பதும் இப்படி அவசரமாகச் சொல்லப்படும் பெயர்தான். மாறுகண், இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம், பிறவிக் கண்புரை என்று அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். எதுவுமே இல்லாமல் இரண்டு கண்ணிலும் பார்வை குறைந்திருந்தால் அந்தப் பெயரை ஏற்காதீர்கள்.

"தெரிகிறதா?" என்று மட்டும் கேட்பதும் போதாது. இருட்டில் தடுமாறுகிறதா, வெயிலில் கண் கூசி மூடிக்கொள்கிறதா என்று கேளுங்கள். முதலாவது குச்சி செல்களையும், இரண்டாவது பகல் வெளிச்சத்தையும் நிறத்தையும் பார்க்க உதவும் கூம்பு செல்களையும் சந்தேகிக்க வைக்கும். வெயிலில் கூச்சம், நிறம் பிரித்தறிய முடியாமை, கண் ஆடிக்கொண்டே இருப்பது மூன்றும் சேர்ந்தால் கூம்பு செல்கள் பிறவியிலேயே வேலை செய்யாத ஏக்ரோமடாப்சியா நினைவுக்கு வர வேண்டும்.

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்பதை வைத்துப் பரம்பரை நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதியைச் சுமந்துகொண்டு முழு நலத்தோடு இருக்கலாம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 4-இல் 1 வாய்ப்பு. அப்புறம், தாய்மாமன், தாய்வழித் தாத்தா பற்றியும் விசாரிக்க வேண்டும். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய்கள் அந்தப் பக்கம்தான் வெளிப்பட்டிருக்கும்.

விழித்திரையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்ததும் 'ஆர்பி' (ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல அழியும் பரம்பரை நோய்) என்று எழுதி முடித்துவிடுவது இன்னொரு தவறு. சிபிலிஸ், ருபெல்லா, சில மருந்துகள்கூட அதே தோற்றத்தைத் தரும். ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் பழைய காயத்தையும் அழற்சியையும் முதலில் பார்க்க வேண்டும். உண்மையிலேயே பரம்பரையானவற்றிலும் சிலவற்றுக்கு வழி உண்டு. ரெஃப்சம் நோயில் ரத்தத்தில் ஃபைட்டானிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் சேரும், உணவுக் கட்டுப்பாட்டால் அதைக் குறைக்கலாம். கொழுப்பையும் அதில் கரையும் வைட்டமின்களையும் உடல் சரியாக உறிஞ்ச முடியாத அபீட்டாலிப்போபுரோட்டினீமியாவுக்கு வைட்டமின் ஏ, ஈ கொடுக்கிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. ஆனால் அதே வைட்டமின் ஏ மாத்திரையை ஸ்டார்கார்ட் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். 'கண்ணுக்கு நல்லது' என்று யாரோ சொன்னதற்காக விழுங்கக் கூடாது.

கண்ணோடு நின்றுவிடவும் கூடாது. காது கேட்பதில் குறை இருந்தால் அஷர் என்ற பரம்பரை நோயையும், கூடுதல் விரலும் உடற்பருமனும் இருந்தால் பார்டெட்-பீடில் என்ற பரம்பரை நோயையும் நினைக்க வேண்டும். பின்னதில் சிறுநீரகத்தையும் கண்காணிக்க வேண்டும்.

கடைசியாக மரபணுப் பரிசோதனை. 'நெகட்டிவ்' என்றால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. ஆர்பிக்குக் காரணமாகும் ஆர்பிஜிஆர் மரபணுவின் ஒரு பகுதி படிக்கவே சிரமமானது, சில சோதனைகள் அதைக் கோட்டைவிடும். 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று அறிக்கை சொன்னால் அது தீர்ப்பு அல்ல. பெற்றோரையும் சோதித்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சை ஆர்பிஇ65 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மட்டுமே, அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிஞ்சியிருந்தால்தான். மரபணு எது என்று தெரியாமல் அந்தக் கதவைத் தட்டவே முடியாது.

இதற்கெல்லாம் மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். அதுவரை குழந்தையைக் காத்திருக்க வைக்காதீர்கள். பெரிய எழுத்துப் புத்தகம், உருப்பெருக்கி, கூச்சம் குறைக்கும் கண்ணாடி, முன் வரிசையில் ஒரு இடம்: இவற்றுக்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.