செமஸ்டர் நடக்கும்போதே பாடத்தைச் சரிசெய்ய

செமஸ்டர் கடைசியில் மாணவர்களிடம் வாங்கும் கருத்துப் படிவம் அடுத்த பேட்சுக்குத்தான் உதவும். குறை சொன்ன பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த வாரமே கேட்டுவிடுகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது.

வகுப்பின் கடைசி 25 நிமிடம் போதும். பாடம் எடுப்பவர் வெளியே போய்விட வேண்டும். வேறு துறை ஆசிரியர் நடத்துவார். ஐந்தைந்து பேராக உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுவார்கள்: படிக்க எது உதவுகிறது, எது தடுக்கிறது, எதை எப்படி மாற்றலாம். பிறகு கை தூக்கச் சொல்லி, பாதிப் பேருக்கு மேல் ஒத்துக்கொண்டதை மட்டும் குறிக்க வேண்டும். தாள்களைப் பாடம் எடுப்பவரிடம் அப்படியே தரக் கூடாது, கையெழுத்து ஆளைக் காட்டிவிடும். தட்டச்சு செய்தே தர வேண்டும்.

அடுத்த வகுப்பிலேயே எது மாறும், எது மாறாது, ஏன் என்று சொல்லியாக வேண்டும். இதை விட்டால் மறுமுறை வெற்றுத்தாள்தான் வரும்.

இதைவிடப் பலன் தந்தது மாணவப் பார்வையாளர். அதே பாடத்தைப் போன வருடம் முடித்த மாணவி, வாரம் ஒரு வகுப்பு பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பார். (இப்போது படிப்பவர் வேண்டாம், மார்க் பயம் வாயை அடைத்துவிடும்.) நேரம் போட்டு அவர் எழுதிய ஒரு குறிப்பு: “9.20 – ‘புரிஞ்சுதா?’ என்றீர்கள். யாரும் பேசவில்லை. ஸ்லைடு மாறியது. மூன்று வரிசை இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.” அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். அதற்குப் பதில் பலகையில் ஒரு சின்னக் கணக்கு, இரண்டு நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து. எங்கே தப்பு வருகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இந்தக் குறிப்புகள் துறைத்தலைவர் கைக்குப் போகவே கூடாது. மதிப்பீட்டுக் கோப்பில் ஏறினால், அடுத்த வாரத்திலிருந்து வெறும் பாராட்டுதான் எழுதுவார்கள்.